உப்புத்தாள் கை

அந்தக் கையில எலுமிச்சம்பழம் தேய்ச்சீங்களாக்கா? இல்லன்னு சொல்லாதீங்க, பாத்தாலே தெரியுது. வெடிப்போட ஓரம் செவந்து நடுவுல வெளுத்துப் போயிருக்கு பாருங்க. எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் போட்டுத் தேய், பட்டு மாதிரி ஆயிடும்னு எவளாவது சொல்லியிருப்பா. எனக்கும் ஒருத்தி சொன்னா. தேய்ச்சுட்டு நான் கொல்லையில குதிச்ச குதியைப் பாத்து எங்க வீட்டுக் கன்னுக்குட்டி முளைக்குச்சியைப் புடுங்கிட்டு ஓடிடுச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. மகி, காலை மடக்கிக்க, அக்கா சேலையில செருப்பு படுது பாரு. எம்பொண்ணுதான். பஸ்சுல ஜன்னலோரம் கெடைச்சா போதும், பெண்ணாடம் போற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டா. அம்மா வாய் மூடாதுன்னு அவளுக்குத் தெரியும்.

உங்ககிட்ட தண்ணி பாட்டில் இருக்குல்ல? எடுங்க. கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டி லேசா நனைச்சுக்கங்க. ஐயோ, தொடைக்காதீங்க! அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. நல்லா தொடைச்சு காயவச்சுட்டு எண்ணெய் போடுவாங்க. அப்புறம் எண்ணெய் வேலை செய்யலன்னு எண்ணெயைத் திட்டுவாங்க. முந்தானையால சும்மா ஒத்தி எடுங்க. கொஞ்சம் ஈரம் இருக்கணும். அந்த ஈரத்தை உள்ளயே பூட்டி வைக்கத்தான் எண்ணெய். இப்பக் கொடுங்க கையை. கூச்சப்படாதீங்க, நானும் பொம்பளைதானே.

இது தேங்காயெண்ணெய்தான். அதுல கொஞ்சம் தேன்மெழுகு போட்டு, சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தை வச்சு உருக்கி ஆறவச்சது. நாட்டு மருந்துக் கடையில மெழுகு கேட்டா கொடுப்பாங்க. பெண்ணாடத்துல இருக்கிற எங்கம்மாவுக்குன்னு எடுத்துட்டுப் போறேன். பாட்டில் நெறைய இருக்கு, உங்களுக்கும் கொஞ்சம் ஊத்தித் தரேன். சுருக்குன்னு இருக்கா? இருக்கும். வெடிப்புக்குள்ள எறங்குதுல்ல, மொத தடவை அப்படித்தான். பல்லைக் கடிச்சுக்கங்க.

இவ்வளவும் எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சரி, கேக்கலன்னாலும் சொல்றேன். ஒருத்தியைப் பழி வாங்கறதுக்காகக் கத்துக்கிட்டேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? நெசமாத்தான். என் நாத்தனா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, இலக்கியான்னு பேரு. வேற தங்கச்சி கெடையாது, ஒரே ஒருத்தி. அந்த வீட்டுக்கு நான் மருமகளா வந்தப்ப அவ பன்னெண்டாவது படிச்சிட்டிருந்தா. தலை பின்னி விட்டது நானு, பரீட்சைக்குக் காலையில எழுப்பி விட்டது நானு, அவ கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க அலைஞ்சது நானு. அதையெல்லாம் நான் சொல்லிக் காட்ட மாட்டேன். சொல்லிக் காட்டற புத்தி எனக்குக் கெடையாது.

போன தை மாசம் அவளுக்கு வளைகாப்பு. எங்க வீட்டுலதான் வச்சாங்க. மண்டபம் வேணாம், வீட்டு வாசல்லயே பந்தல் போட்டுக்கலாம், சமையலும் நாமளே பாத்துக்கலாம்னு மாமியார் சொல்லிட்டாங்க. நாமளேன்னா யாரு? மாமியாருக்கு முட்டி வலி. நாமளேன்னா நானு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், தேங்காய்சாதம்னு வகைவகையா. எலுமிச்சம்பழம் புழிஞ்சது என் கை. அண்டா குண்டான் எல்லாம் சோப்புத்தூள் போட்டு வெளக்குனது என் கை. அதுவும் தை மாசத்துப் பனியில, போர் தண்ணியில. எங்க ஊரு போர் தண்ணி எப்படின்னா, குடத்துல ஊத்தி வச்சா அடியில வெள்ளையா மாவு மாதிரி படியும். வெரல் கணு ஒவ்வொண்ணும் வெடிச்சுப் போச்சு. உள்ளங்கை களத்துமேட்டு மண்ணு மாதிரி கோடு கோடா.

இன்னொண்ணு சொல்லணும். சந்தனம். கன்னத்துல தடவுற சந்தனத்தை அரைச்சதும் நான்தான். பொடியைக் கரைச்சா வாசம் வராது, கட்டையை எழைச்சாத்தான் வரும்னு கல்லுல வச்சு எழைச்சேன். பிரியமாத்தான் எழைச்சேன். அப்ப எனக்கு பிரியம் இருந்துச்சு.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மொத வளையல் அண்ணன் பொண்டாட்டிதான் போடணும். அவதான் மொதல்ல சந்தனம் வைக்கணும். ஊரு ஒறவு எல்லாம் சுத்தி உக்காந்திருக்கு. நான் பட்டுச்சேலையை மாத்திக்கிட்டு வந்து, சந்தனத்தைத் தொட்டு, அவ கன்னத்துல வச்சேன். வச்சதும் மூஞ்சியை வெடுக்குனு இழுத்துக்கிட்டா.

"ஐயோ அண்ணி! என்ன கை இது, உப்புத்தாள் மாதிரி! என் கன்னத்துக்குப் பாலிஷ் போடுறீங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அத்தோட விட்டாளா? தட்டுல இருந்த ரோசாப்பூவை எடுத்து எங்கிட்ட நீட்டுனா. "இந்தாங்க அண்ணி, பூவால தொட்டு வைங்க. கையால வேணாம்."

நானும் பூவால தொட்டு வச்சேன். வேற என்ன பண்ண? அத்தனை பேர் பாக்குறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் வச்சேன். வளையல் போடும்போது அவ கையில என் கை படாம வளையலை மட்டும் புடிச்சுப் போட்டேன். எனக்கு அடுத்து அவளோட மாமியார் வந்து வழவழன்னு ரெண்டு கன்னத்துலயும் பூசிவிட்டாங்க. அவங்க வீட்டுல பாத்திரம் வெளக்க ஆள் இருக்கு.

நான் சமையல்கட்டுக்குள்ள போய், மிச்சமிருந்த குண்டானை வெளக்கிக்கிட்டே முடிவு பண்ணேன். இருடி. புள்ளை பொறக்கட்டும். அன்னிக்கு என் கை உனக்கு வேண்டியிருக்கும். இந்தக் கையைப் பூ மாதிரி ஆக்குறேன். ஆக்கிட்டு, இதே சனத்துக்கு நடுவுல நீயே வந்து 'அண்ணி, தூக்குங்க'ன்னு புள்ளையை நீட்டும்போது, 'மாட்டேன்'னு சொல்றேன்.

புரியுதாக்கா? கை வெடிச்சிருக்கும்போது மாட்டேன்னு சொன்னா அது நெசம். கை பூ மாதிரி இருக்கும்போது மாட்டேன்னு சொன்னாத்தான் அது பழி. எல்லாம் முடிஞ்சப்புறம் இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா அவருக்குப் புரியலை. உங்களுக்குப் புரியுது, பாருங்க.

அந்தக் கையும் கொடுங்க.

எலுமிச்சம்பழத்துல ஆரம்பிச்சு, கன்னுக்குட்டி ஓடுனதோட அதை விட்டேன். அப்புறம் மஞ்சள். ஒரு வாரம் நான் எதைத் தொட்டாலும் மஞ்சளாச்சு. எங்க வீட்டுக்காரர் சட்டைக் காலர், மகியோட ஸ்கூல் ரிப்பன், எல்லாம். மகிக்குத் தடுப்பூசி போட்ட நர்சம்மாதான் என் கையைப் பாத்துட்டு, "சுடுதண்ணியில கையை விடாதே, சோப்புத்தூளை வெறுங்கையால தொடாதே, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் போடு, சீழ் வச்சா எங்கிட்ட வா"ன்னு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்க. மெழுகு சேர்க்கறது என் சொந்த யோசனை. எண்ணெய் மட்டும்னா அடுப்படி வேலையில ஓடிப்போயிடுது, மெழுகு இருந்தா புடிச்சு நிக்குது. பாத்திரம் வெளக்க ரப்பர் உறை வாங்கினேன். மாமியார் பாத்துட்டு, "ஆபரேசன் பண்ணப் போறியா அம்சவேணி?"ன்னாங்க. ஆமாங்க அத்தை, ஆபரேசன்தான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். படுக்கும்போது எண்ணெய் பூசி, மகியோட பழைய காட்டன் சாக்ஸை கையில மாட்டிக்குவேன். எங்க வீட்டுக்காரர், "பக்கத்துல யாரோ கன்னுக்குட்டிக் குளம்பை மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கிற மாதிரி இருக்கு"ன்னு திரும்பிப் படுத்துக்குவாரு.

படுத்துக்கட்டும். எனக்கு என் வேலை.

பங்குனியில புள்ளை பொறந்துச்சு. பொண்ணு. பிரசவத்துக்கு எங்க வீட்டுக்குத்தானே வந்திருந்தா. பத்தியச் சாப்பாடு நான் ஆக்குனேன், துணி நான் அலசுனேன், வென்னி நான் போட்டுக் கொடுத்தேன். புள்ளையை மட்டும் தொடலை. குளிப்பாட்ட எதுத்த வீட்டுப் பெரியம்மா வருவாங்க. தூக்கி வச்சுக்க மாமியார் இருந்தாங்க. கேட்டா, "அடுப்புல வேலை இருக்கு"ன்னுடுவேன். கதவோரம் நின்னு பாக்குறதோட சரி. ஆசையா? ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லை. கால் சுண்டு வெரல் மட்டும் கொஞ்சம் மடங்கினாப்பல இருக்கும், எங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற மாதிரியே. தும்மும்போது மொதல்ல ரெண்டு கையையும் தூக்கும், அப்புறந்தான் தும்மும். கொட்டாவி விட்டா மூக்குல மட்டும் சுருக்கம் விழும். தூரத்துல இருந்து இவ்வளவுதான் பாத்தேன், வேற ஒண்ணும் பாக்கலை.

அதுக்குள்ள என் கை எப்படி ஆயிடுச்சுங்கறீங்க? தொட்டுப் பாருங்க. பாத்தீங்களா! அப்ப இன்னும் நல்லா இருந்துச்சு.

சித்திரையில பேர் வைக்கற அன்னிக்கு அதே சனம் வந்துச்சு. அதே பந்தல் இடம். அவ மாமியாரு, எங்க சின்ன மாமியாரு, எதுத்த வீட்டுப் பெரியம்மா, எல்லாரும் இருக்காங்க. தொட்டில்ல மொதல்ல புள்ளையைப் போடறது யாரு? மாமன் பொண்டாட்டி. நான்தான். காலையிலயே கைக்கு எண்ணெய் போட்டு, சேலைக்கேத்த வளையல் போட்டு, ஒத்தை மோதிரம் போட்டு, கையை எல்லாருக்கும் தெரியற மாதிரி முன்னால கட்டிக்கிட்டு நின்னேன். மனசு என்னா அடி அடிக்குது தெரியுமா? எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி அடிக்கலை.

வந்தா. புள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தா. "அண்ணி, வாங்க, நீங்கதான் போடணும்"னு நீட்டுனா.

நான் ஒரு அடி பின்னால வச்சேன். எல்லாருக்கும் கேக்கணும்னு சத்தமா சொன்னேன். "வேணாம்மா. என் கை உப்புத்தாளு. உன் புள்ளை ஒடம்பு கீறிடும். ஒரு ரோசாப்பூ இருந்தா கொடு, அதால தூக்க முடியுமான்னு பாக்குறேன்."

பந்தல் வரைக்கும் அடுப்புல பால் பொங்கற சத்தம் கேக்குது.

அவ என் கையைப் பாத்தா. "என்ன அண்ணி சொல்றீங்க? உங்க கை நல்லாத்தானே இருக்கு? யாரு சொன்னா உப்புத்தாள்னு?"

"நீதான்."

"நானா? எப்ப?"

மறந்துட்டா.

நடிக்கிறாளான்னு மூஞ்சியை உத்து உத்துப் பாத்தேங்க்கா. நடிப்பு இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து எனக்குத் தெரியும், பொய் சொன்னா அவளுக்குக் காது செவக்கும். காது செவக்கலை. நான் தினம் ராத்திரி சாக்ஸ் மாட்டிக்கிட்டு படுத்தேன், இவ வளைகாப்பு முடிஞ்சு எலையெடுக்கறதுக்குள்ள மறந்துட்டா! சரி, சுத்தி உக்காந்திருக்கிற சனத்துக்காவது ஞாபகம் இருக்குமான்னு பாத்தா, எல்லாம் என்னையே பாக்குது. பூ மாதிரி கையை வச்சுக்கிட்டு, பச்சப் புள்ளையைத் தூக்க மாட்டேங்கறாளே, என்ன மனுசி இவன்னு.

அப்புறம் என்ன பண்ண? நானே சொல்ல வேண்டியதாப் போச்சு. மொதல்ல இருந்து. நீ கன்னத்தை இழுத்த, பாலிஷ் போடுறீங்களான்னு கேட்ட, பூவை எடுத்து நீ கொடுத்தன்னு. நான் சொல்லி முடிக்கலை, சின்ன மாமியார் தொடையைத் தட்டிக்கிட்டு, "ஆமாமா, இப்ப ஞாபகம் வருது! பாலிஷ்னாளே!"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அவ்வளவுதான். மொத்தப் பந்தலும் சிரிக்குது. போன தடவை தூரத்துல உக்காந்து காதுல விழாதவங்களுக்கும் இந்தத் தடவை கேட்டுடுச்சு. நான்தான் சத்தமா சொன்னேனே!

அவளும் சிரிச்சா. புள்ளை குலுங்கற அளவுக்குச் சிரிச்சா. "சாரி அண்ணி, வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்"னா. சிரிச்சுக்கிட்டே சொல்ற சாரி சாரியில சேத்தியா, நீங்களே சொல்லுங்க. அதுக்குள்ள நல்ல நேரம் முடியப்போவுதுன்னு யாரோ கத்த, அவ மாமியார் புள்ளையை வாங்கித் தொட்டில்ல போட்டுட்டாங்க. என் எடத்துல. வழவழ கையால.

எங்க வீட்டுக்காரர் வந்து, "இதையா இத்தனை மாசமா மனசுல வச்சிருந்த? பேய் புடிச்சவளே"ன்னாரு. அவருக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். அது தனிக் கதை.

சரி, இதோட முடிஞ்சுதா? முடியலை. இனிமேத்தான் நல்ல கட்டம்.

ஆனி மாசம் புள்ளையோட புகுந்த வீட்டுக்குப் போனா. ஆடியில போன் வருது. "அண்ணி, கையெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியுது. புள்ளையைத் தொடுறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி ஆஸ்பத்திரியில சொன்னாங்களா, நான் கழுவிக்கிட்டே இருக்கேன். டெட்டால்ல துணி வேற அலசறேன். உங்க கைக்கு என்ன போட்டீங்க அண்ணி?"

போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்திக்கிட்டேன். அப்படி ஒரு சந்தோசம்.

"ஒண்ணும் போடலைம்மா. தானா சரியாப் போச்சு. பனி போனா போயிடும்"னேன்.

ஆடி மாசத்துலக்கா! பனி போனா போயிடுமாம்! அவளும் "அப்படியா அண்ணி"ன்னு வச்சுட்டா.

அன்னியில இருந்து நான் என்ன பண்றேன் தெரியுமா? இந்த வைத்தியத்தை ஊருக்கெல்லாம் சொல்றேன். ரேஷன் கடை வரிசையில சொன்னேன். அங்கன்வாடி டீச்சருக்குச் சொன்னேன், கொளம் வெட்டற வேலைக்கு வர்றவங்களுக்கு மெழுகே வாங்கிக் கொடுத்தேன். எங்க தெருவுல எந்தக் கதவைத் தட்டினாலும் தொறக்கற கை பூ மாதிரி இருக்கும். மாமியாருக்கு மட்டும் சொல்லலை, சொன்னா மக காதுக்குப் போயிடும்ல? "இது என்ன எண்ணெய்டி?"ன்னு கேட்டாங்க, கோயில் வெளக்குல இருந்து எடுத்ததுன்னுட்டேன். ஒலகத்துல எல்லாருக்கும் தெரியணும், அவ ஒருத்திக்கு மட்டும் தெரியக் கூடாது. முன்னப்பின்ன தெரியாத உங்களுக்கே கையைப் புடிச்சுத் தேய்ச்சு விடுறேன் பாருங்க. ஒவ்வொரு கைக்கும் தேய்க்கும்போது, இது ஒனக்கு இல்லைடின்னு நெனைச்சுக்குவேன். என்னா நிம்மதி!

இந்த பஸ்சு அவ ஊரு வழியாத்தான் போவுது. அந்த வளைகாப்புக்கப்புறம் எத்தனை தடவை போயிருக்கேன், ஒரு தடவைகூட எறங்கினது இல்லை. கொட்டாரமேடு ஸ்டாப் வந்தா இந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.

என்னக்கா? நீங்க கொட்டாரமேடா?

அடக் கடவுளே. ஏன் மொதல்லயே சொல்லலை? நான் விட்டாத்தானேங்கறீங்களா. அது சரி. எந்தத் தெரு? தண்ணித்தொட்டித் தெருவா? அங்க பச்சை கேட்டு போட்ட வீடு... எதுத்த வீடா! நேர் எதுத்த வீடா?

இங்க பாருங்க, அவகிட்ட சொல்லக் கூடாது. இந்த எண்ணெய், மெழுகு, ஈரம், எதுவும் சொல்லக் கூடாது. உங்க கை நல்லாகி, எப்படின்னு கேட்டா, ஆஸ்பத்திரி மாத்திரைன்னுடுங்க. சத்தியம் பண்ணுங்க. மகி தலைமேல பண்ணுங்க. சரி, அவ தலை வேணாம், பாட்டில் மேல பண்ணுங்க.

கை இன்னும் அப்படியேதான் இருக்காமா? நல்லா வேணும்.

நீங்க பாத்தீங்களா? என்னன்னு பாத்தீங்க?

துணியைச் சுத்திக்கிட்டா? எந்தத் துணி? துண்டா? ரெண்டு கையிலயும் துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் புள்ளையைத் தூக்குறாளா? தன் புள்ளையவா?

புள்ளை கன்னத்துல கோடு விழுந்துடுச்சாமா. கை பட்டு.

நல்லா வேணும்.

அப்ப பால் கொடுக்கும்போது? அப்பவும் துண்டா? தலையைத் தடவ மாட்டாளா? அந்தக் கால் சுண்டு வெரலை... யாரு புடிச்சு நீவி விடுறா அப்ப? மாமியாரா? அவங்களுக்கு நீவத் தெரியுமா, வழவழன்னு தடவத்தான் தெரியும். புள்ளை என்ன, தொட்டாலே அழுவுதா? அவ? அவளும் அழுவுறாளா? வாசப்படியில உக்காந்தா? ம்.

நல்லா வேணும்னு சொல்றேன்ல, நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்க?

இல்லைக்கா, நீங்க சொல்லாதீங்க. சொன்னா பாதியை மறந்துடுவீங்க. சூடா உருக்கி அப்படியே ஊத்திடுவா, அவளுக்கு நிதானம் கெடையாது. தொடைச்சுட்டுப் போட்டுக்குவா. புள்ளை வாயில கை வைக்கறதுக்கு முன்னால தொடைக்கணும்னு தெரியாது. ஒவ்வொண்ணாப் பக்கத்துல இருந்து சொல்லணும். இதெல்லாம் அடுத்தவங்க கையில விடுற வேலை இல்லை.

மகி, செருப்பைப் போடு. சீக்கிரம் போடு. ஆயா வீட்டுக்கு நாளைக்குப் போலாம். கண்டக்டர், கண்டக்டர்! கொட்டாரமேடுல ரெண்டு ஆளு எறங்கணும். டிக்கெட்டு பெண்ணாடம் வரைக்கும் இருந்தா என்ன, எறங்கக் கூடாதுன்னு இருக்கா?

அந்தப் பையைக் கொஞ்சம் புடிங்கக்கா. நீங்க ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க, பழியை நான் விடலை. வெடிப்புல எண்ணெய் எறங்கும்போது எப்படி எரிஞ்சுது உங்களுக்கு? அவளுக்கு இன்னும் ஆழமா வெடிச்சிருக்கும்ல. நடுவாசல்ல உக்காரவச்சு, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வெரலா, வலிக்க வலிக்கத் தேய்க்கப் போறேன். கத்தணும். அந்தத் தெரு பூரா வந்து நின்னு வேடிக்கை பாக்கணும். நீங்களும் வாங்க, எதுத்த வீடுதானே. எனக்குக் கை எண்ணெயா இருக்கும், அதுவரைக்கும் புள்ளையை நீங்க வச்சுக்கங்க. தேய்ச்சு முடிச்சதும் எங்கிட்ட கொடுத்துடணும். எங்கிட்டதான். அவ மாமியார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க.